சோதனைக்கும் ஒரு சோதனை: ஹாஷ் நிரல்களின் நம்பகத்தன்மை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 என்னும் சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணு ஆவணத்தைச் சான்றாகத் தாக்கல் செய்வோர் அதன் ஹாஷ் மதிப்பையும் சான்றிதழில் குறிப்பிடுதல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்ற இலக்கமுறைக் கையொப்பத்திற்கும் ஹாஷ் சார்பே ஓர் அடிப்படையாகும்.

எத்துணை நீண்ட ஆவணத்தையும் குறிப்பிட்ட அளவுள்ள மதிப்பாகச் சுருக்குவதே ஹாஷ் சார்பின் பணி. எஸ்.ஹெச்.ஏ-256 முறையில் இம்மதிப்பு 32 பைட்டுகள் கொண்டது. ஆவணத்தில் ஓரெழுத்து மாறினாலும் மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும். எனவே, இதனைக் கணக்கிடும் நிரலில் பிழையிருப்பின் உண்மையான ஆவணமும் திருத்தப்பட்டதாகத் தோன்றக்கூடும். இத்தகைய நிரல்கள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுகின்றன. அவற்றுடன் அலகுச் சோதனைகளும் இணைக்கப்படுகின்றன. அச்சோதனைகளைச் சீராய்வது எங்ஙனம்?

எடைக்கல் யாருடையது?

வணிகரின் தராசை அவருடைய எடைக்கற்களைக் கொண்டே சோதிப்பதில் பயனில்லை. நிரல் தந்த விடையையே சரியான விடையாகப் பதிந்துகொள்ளும் சோதனையும் அத்தகையதே. நிரல் மாறவில்லை என்பதை அது காட்டும். நிரல் சரியானது என்பதைக் காட்டாது. எதிர்பார்க்கும் மதிப்பு, தர ஆவணத்தோடு வெளியிடப்பட்ட மாதிரிகளிலிருந்தோ தனியே எழுதப்பட்ட வேறொரு நிரலிலிருந்தோ பெறப்பட்டிருத்தல் வேண்டும்.

எல்லையில் ஒளியும் பிழை

எஸ்.ஹெச்.ஏ-256 செய்தியை 64 பைட் தொகுதிகளாக ஏற்கிறது. இறுதியில் ஒரு குறியீடும், நீளத்தைக் குறிக்கும் 8 பைட்டுகளும் சேர்க்கப்படுகின்றன. ஆகவே 55 பைட் செய்தி ஒரு தொகுதியில் அடங்கும். 56 பைட் செய்திக்கு இரண்டு தேவை. மூன்றெழுத்துச் செய்தி ஒன்றை மட்டும் சோதித்தால் இவ்விடத்துப் பிழை வெளிப்படாது. 0, 55, 56, 63, 64, 65 ஆகிய நீளங்கள் சோதிக்கப்படுதல் அவசியம். ஒரே செய்தியை மொத்தமாகவும் துண்டுகளாகவும் அளித்து, விடை ஒன்றே எனவும் உறுதி செய்தல் வேண்டும்.

ஒப்பிடும் முறை

சி மொழியின் எழுத்துச்சர ஒப்பீடு, பூச்சிய பைட்டை முடிவாகக் கருதி நின்றுவிடும். ஹாஷ் மதிப்பில் பூச்சியம் எங்கும் வரலாம். அதற்குப் பின்னுள்ள வேறுபாடு கண்ணில் படாது. மேலும், துணைச் சார்புக்கு அனுப்பப்பட்ட அணியின் அளவை அங்கே கேட்டால் முகவரியின் அளவே கிடைக்கும். 64 பிட் கணினிகளில் அது வழக்கமாக 8 பைட். எஞ்சிய 24 பைட்டுகள் ஒப்பிடப்படாமலே போகும். எதிர்பார்க்கும் மதிப்பின் கடைசி பைட்டை வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பது எளிய பரிசோதனை. அப்போதும் வெற்றி என வந்தால் பழுது சோதனையிலேயே உள்ளது.

ஒரு படிப்பினை

எஸ்.ஹெச்.ஏ-3 தரத்திற்கு அடிப்படையான கெச்சாக் முறையை வடிவமைத்தோர் வெளியிட்ட சி நிரலில் 2011 முதலே இருந்த பிழை 2022இல்தான் அறியப்பட்டது. பைத்தான், பி.ஹெச்.பி. மொழிகளின் சில பதிப்புகளிலும் அந்நிரல் இடம்பெற்றிருந்தது. சிறிய துண்டைத் தொடர்ந்து ஏறத்தாழ 4 ஜிகாபைட் துண்டு வந்தால், 32 பிட் கூட்டல் நிரம்பி வழிந்து, நினைவகத்தில் எல்லை மீறி எழுதப்பட்டது. சிறு செய்திகளைக் கொண்ட சோதனைகள் எத்தனை இருந்தும் இது வெளிப்பட வழியில்லை.

பெருநீளச் சோதனைக்கு நேரமும் நினைவகமும் செலவாகும் என்பது உண்மையே. ஒவ்வொரு திருத்தத்திற்கும் அன்றி, ஒவ்வொரு வெளியீட்டிற்கு முன்பு நடத்தினால் அச்செலவு தாங்கக்கூடியதே. மென்பொருளை ஏற்கும் துறைகள் வெற்றிபெற்ற சோதனைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. எவை சோதிக்கப்பட்டன, எந்த எடைக்கல்லால் என்றும் வினவுதல் நலம் பயக்கும்.