வெளிநாட்டு மருத்துவப் பட்டங்களின் ஏற்பு (இந்தியா)

வெளிநாட்டு மருத்துவப் பட்டங்களின் ஏற்பு என்பது, பிற நாடுகளில் மருத்துவம் படித்த ஒருவர் இந்தியாவில் மருத்துவராகப் பணிபுரிவதற்கான சட்டப்படியான உரிமையைப் பெறும் நடைமுறை ஆகும். பட்டம் என்பது ஒரு பல்கலைக்கழகம் வழங்கும் கல்விச் சான்று. பதிவு என்பது ஒரு நாட்டின் மருத்துவ மன்றம் வழங்கும் தொழில் உரிமை. இவ்விரண்டும் வெவ்வேறானவை. பட்டம் பெற்ற ஒருவர் பதிவு பெறும் வரை அவரால் நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுத இயலாது. பதிவின்றி மருத்துவம் பார்ப்பது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019 இன் 34 ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம் ஆகும்.

பட்டம் பெற்று ஊர் திரும்பிய பின்னரே இந்நடைமுறை தொடங்குகிறது எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் இது மாணவர் நாட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்னரே தொடங்குகிறது. தொடக்கத்தில் நேரும் பிழைகளுள் சிலவற்றைப் பின்னர் எத்தேர்வு எழுதியும் சரிசெய்ய இயலாது.

பின்னணி

ஒரு நாட்டின் மருத்துவப் பட்டத்தை மற்றொரு நாடு அப்படியே ஏற்பது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பிரித்தானியாவின் பொது மருத்துவ மன்றம் 1975 ஆம் ஆண்டு வரை பல இந்தியப் பட்டங்களை நேரடியாக ஏற்றது. அதன் பின்னர் இந்திய மருத்துவர்கள் அங்கு தேர்வு எழுத வேண்டியதாயிற்று.

இந்தியாவில் இதே சிக்கல் 1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்த பின்னர் கூர்மையடைந்தது. உருசியா உள்ளிட்ட நாடுகளுக்குச் சென்ற இந்திய மாணவர்களின் தொகை பெருகியது. ஆயினும் அங்குள்ள கல்லூரிகளின் தரமும் சேர்க்கை விதிகளும் ஒரே சீராக இல்லை. இதனால் 2001 இல் இந்திய மருத்துவக் கழகச் சட்டம் திருத்தப்பட்டு, தகுதிகாண் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. இத்தேர்வுக்கான விதிகளை உச்ச நீதிமன்றம் மார்ச் 2002 இல் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டே முதல் தேர்வு நடைபெற்றது. இந்திய மருத்துவக் கழகத்தின் இடத்தில் செப்டம்பர் 25, 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையம் செயற்பட்டு வருகிறது.

சேலம், நாமக்கல் பகுதி

விசைத்தறியும் வேளாண்மையும் முதன்மைத் தொழில்களாக உள்ள எடப்பாடி போன்ற ஊர்களின் மாணவர்களுக்கு, அரசு மருத்துவக் கல்லூரி என்பது நெடுங்காலம் சேலத்தில் 1986 இல் தொடங்கப்பட்ட மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியையே குறித்தது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில்தான் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2007 முதல் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் நடைபெற்ற சேர்க்கை, 2017 முதல் நீட் தேர்வு அடிப்படைக்கு மாறியது. எடப்பாடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான க. பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது, 2020 இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது.

அரசு இடம் கிடைக்காது தனியார் கல்லூரிக் கட்டணமும் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு உருசியா, சீனா, பிலிப்பைன்ஸ், சியார்சியா, உக்ரைன் போன்ற நாடுகள் ஒரு வழியாக அமைந்தன. கல்விக்கடன் வாங்கியோ நிலத்தை விற்றோ இவ்வழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்திற்குப் பட்டத்தைக் காட்டிலும் பதிவே முதன்மையானது. கடனைத் திருப்பிச் செலுத்தத் தேவையான மருத்துவர் ஊதியம் பதிவுக்குப் பின்னரே கிடைக்கும்.

புறப்படும் முன்

2018 முதல் வெளிநாட்டில் மருத்துவம் படிக்க விரும்பும் இந்தியரும் நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். இத்தகுதி வெளிநாட்டுச் சேர்க்கைக்கு மூன்று ஆண்டுகள் செல்லும். நீட் தகுதியின்றிச் சேர்ந்தவர் பட்டம் பெற்றாலும் இந்தியாவில் தகுதிகாண் தேர்வை எழுத இயலாது.

நவம்பர் 18, 2021 இல் வெளியான விதிகள், அந்நாளுக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பின்வரும் நிபந்தனைகளை விதிக்கின்றன:

- படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருத்தல் வேண்டும்.
- அதே வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தில் 12 மாத உறைவிடப் பயிற்சி பெறுதல் வேண்டும்.
- பயிற்றுமொழி ஆங்கிலமாக இருத்தல் வேண்டும்.
- முழுப் படிப்பும் ஒரே நிறுவனத்தில் அமைதல் வேண்டும்.
- படித்த நாட்டில், அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக மருத்துவம் பார்க்கும் உரிமம் பெறத் தகுதி இருத்தல் வேண்டும்.
- சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் படிப்பை முடித்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பிலிப்பைன்சில் ஓர் இளநிலை அறிவியல் படிப்புக்குப் பின் நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு என்பது வழக்கமான அமைப்பாக இருந்தது. நான்கு ஆண்டுகள் என்பது 48 மாதங்களே. முன்படிப்பு கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. எனவே 54 மாத நிபந்தனை அங்கு செல்ல இருந்தோருக்குச் சிக்கலை உண்டாக்கியது. மாணவர் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் தீராத குறை இது. ஆகவே கல்லூரியின் பெயரை மட்டுமன்றி, படிப்பின் கால அளவு, பயிற்சி நடைபெறும் இடம், உரிமச் சட்டம் ஆகியவற்றையும் பணம் செலுத்தும் முன் எழுத்து வடிவில் அறிதல் தேவையாகும்.

தகுதிகாண் தேர்வு

வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரித் தேர்வு சுருக்கமாக எஃப். எம். ஜி. இ. எனப்படுகிறது. இதைத் தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இரு முறை நடத்துகிறது. தேர்வு கணினி வழியில் நடைபெறுகிறது. தலா 150 வினாக்கள் கொண்ட இரு பகுதிகளில் மொத்தம் 300 வினாக்கள் கேட்கப்படுகின்றன. 150 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி ஆகும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை.

பெரும்பாலான ஆண்டுகளில் தேர்வு எழுதியோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே தேர்ச்சி பெற்றுள்ளனர். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் மருத்துவமனையில் நோயாளிகள் உள்ளூர் மொழியே பேசுவதால், அம்மொழி அறியாத மாணவர் நோயாளியிடம் கேட்டு அறியும் பயிற்சி குறைந்துவிடுவது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் தொற்றுநோய்கள் குளிர்நாடுகளில் அரிதாக இருப்பது மற்றொன்று.

ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆசுத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் முதுநிலைத் தகுதி பெற்று அங்கு பதிவும் பெற்றவர்களுக்கு இத்தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இந்தியாவில் படித்தவர்களுக்கும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் பொதுவாக நெக்ஸ்ட் என்னும் ஒரே தேர்வை நடத்த 2019 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. அது நடைமுறைக்கு வரும் வரை எஃப். எம். ஜி. இ. தேர்வே செல்லும்.

பதிவும் பயிற்சியும்

தேர்ச்சி பெற்றவர் மாநில மருத்துவ மன்றத்தில், அதாவது தமிழ்நாட்டில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில், தற்காலிகப் பதிவு பெற வேண்டும். பின்னர் ஏற்பளிக்கப்பட்ட மருத்துவமனையில் 12 மாத உறைவிடப் பயிற்சியை முடித்தால் நிரந்தரப் பதிவு வழங்கப்படும். பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், கடவுச்சீட்டு முதலியன சரிபார்க்கப்படும். கடவுச்சீட்டில் உள்ள வருகை, புறப்பாட்டு முத்திரைகள் மாணவர் உண்மையில் எத்தனை மாதங்கள் அந்நாட்டில் இருந்தார் என்பதைக் காட்டுவதால், பழைய கடவுச்சீட்டையும் பாதுகாத்தல் வேண்டும்.

கால அளவைக் கணக்கிட்டால், 54 மாதப் படிப்பு, 12 மாத வெளிநாட்டுப் பயிற்சி, 12 மாத இந்தியப் பயிற்சி எனக் குறைந்தது 78 மாதங்கள், அதாவது ஆறரை ஆண்டுகள் ஆகின்றன. இந்தியாவில் படிப்பவருக்கு இது 66 மாதங்கள். தேர்வுக்கும் முடிவுக்கும் காத்திருக்கும் காலம் இதில் சேராது. ஒவ்வொரு தோல்வியும் ஏறத்தாழ மேலும் ஆறு மாதங்களைச் சேர்க்கும்.

கோவிட் காலமும் உக்ரைன் போரும்

2020 இல் கோவிட் பரவலால் சீனாவிலிருந்து திரும்பிய மாணவர்கள் எஞ்சிய பாடங்களை இணையம் வழியாக முடித்தனர். பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்கியபோதிலும், நோயாளிகளிடையே பெற வேண்டிய பயிற்சி குறைந்ததால் பதிவில் தடை எழுந்தது. தமிழ்நாட்டில் எழுந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கில், செய்முறைப் பயிற்சிக்கு இணையவழிக் கல்வி ஈடாகாது என ஏப்ரல் 29, 2022 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. அதே வேளை இம்மாணவர்களின் உழைப்பு வீணாகாதவாறு ஒரு திட்டம் வகுக்குமாறும் ஆணையத்துக்கு உத்தரவிடப்பட்டது. அதன்படி 2022 சூலையில், இறுதியாண்டில் திரும்பிப் பட்டம் பெற்றவர்கள் தேர்வில் வென்ற பின் ஓராண்டுக்குப் பதிலாக இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும் என அறிவிக்கப்பட்டது.

பிப்ரவரி 24, 2022 இல் உக்ரைனில் போர் தொடங்கியதும் பல ஆயிரம் இந்திய மாணவர்கள் நாடு திரும்பினர். இந்தியக் கல்லூரிகளில் நேரடியாகச் சேர அவர்களுக்கு இசைவு கிடைக்கவில்லை. பலர் வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடர்ந்தனர்.

பிற நாடுகளில்

இத்தகைய தடை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையிலும் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் பதிவுக்கு முன் தனித் தேர்வு எழுத வேண்டும். ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்லும் இந்திய மருத்துவர், ஊரில் பல ஆண்டுகள் பணியாற்றியிருப்பினும், அந்நாட்டு உரிமத் தேர்வுகளை எழுதிப் பொதுவாக அங்கு மீண்டும் பயிற்சி மருத்துவராகப் பணிபுரிய வேண்டும். நோயாளியால் மருத்துவரின் திறனைத் தானே சோதித்து அறிய இயலாது என்பதே இந்நடைமுறைகளுக்கான அடிப்படைக் காரணம் ஆகும். ஆயினும் தகுதி உள்ளவர் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவருக்கும், மருத்துவர் குறைவாக உள்ள ஊர்களுக்கும் இழப்பே. இவ்விரண்டையும் சமன்செய்வதே தகுதி ஏற்பு விதிகள் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கலாக உள்ளது.