புதுமையா, வெறும் பட்டறைத் திருத்தமா?

கடை வாசலில் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் சாக்கு சில மாதங்களில் இற்றுப்போவதை வணிகர்கள் அனைவரும் அறிவோம். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை உள்ளிருந்தே அறுத்துவிடுகிறது. அதைத் தடுக்கத் தயாரிப்பாளர் சிறிதளவு ரசாயனம் சேர்க்கிறார். இதற்கு ஸ்டெபிலைசர் என்று பெயர்.

இத்தகைய ரசாயனத்துக்கு ஒருவர் காப்புரிமை, அதாவது பேடண்ட், பெற்றுவிட்டால் விண்ணப்ப தேதியிலிருந்து 20 ஆண்டுகள் அது அவருடையது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவின்படி, அனுமதியின்றித் தயாரிப்பவரை மட்டுமல்ல, விற்பவரையும் அவர் தடுக்கலாம். ஆகவே நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

ஆனால் தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடிய மாற்றம் கண்டுபிடிப்பு ஆகாது. உச்ச நீதிமன்றம் 1978-இல் மிர்ஜாப்பூர் பாத்திர வழக்கில் இதை விளக்கியது. பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடையும் சாதனத்துக்கு அவ்வூர் நிறுவனம் ஒன்று காப்புரிமை பெற்று, சக உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுத்தது. பழைய முறையில் செய்த பட்டறைத் திருத்தமே இது. காப்புரிமை செல்லாது என்பது தீர்ப்பு.

ஸ்டெபிலைசருக்கும் இதே அளவுகோல்தான். விண்ணப்ப தேதிக்கு முன் தெரிந்திருந்தவை எவை? புதியதில் என்ன வித்தியாசம்? அந்த வித்தியாசம் அனுபவமுள்ள ரசாயன நிபுணருக்கு அன்றைக்கே தோன்றியிருக்குமா? தெரிந்த இரண்டு ரசாயனங்களைக் கலந்து, ஒவ்வொன்றும் தன் வழக்கமான வேலையை மட்டும் செய்தால் அது வெறும் கலவை. இரண்டும் சேர்ந்து, யாரும் எதிர்பாராத அளவு சாக்கைக் காத்தால் கதை வேறு. விடை தெரிந்தபின் "இது எனக்கும் தெரியுமே" என்பது வாதம் ஆகாது.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதற வேண்டாம். காப்புரிமை எண்ணைக் கேட்டு வாங்கி, அது நடப்பில் உள்ளதா என்று வழக்கறிஞர் மூலம் பாருங்கள். தயாரிப்பாளருக்கு உடனே எழுத்துமூலம் தெரிவியுங்கள். காப்புரிமை இருப்பதை அறியாமலும், அறிய நியாயமான காரணம் இல்லாமலும் விற்றதை நிரூபித்தால் நஷ்டஈடு இல்லை என்கிறது 111-ஆவது பிரிவு. நோட்டீஸ் கைக்கு வந்தபின் விற்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. எனவே ஆலோசனை கிடைக்கும் வரை அச்சரக்கைத் தனியே எடுத்து வையுங்கள்.

விண்ணப்ப தேதிக்கு முன்பே அதே சரக்கு சந்தையில் விற்றது என்பதற்கு உங்கள் பழைய பில்லே சாட்சியாகலாம். பில் புத்தகங்களை எடைக்குப் போடுமுன் யோசியுங்கள்.