மண்ணைக் கட்டும் புழு, உதிர்க்கும் புழு

மண்புழு நிறைய இருந்தால் அது நல்ல மண். இதில் நம்மில் யாருக்கும் ஐயம் இருப்பதில்லை. ஆனால் பிரேசில் நாட்டின் மனாவுஸ் நகரை ஒட்டிய மேய்ச்சல் நிலங்களில் நடந்தது வேறு. அங்கே அமேசான் காட்டை வெட்டிச் சாய்த்துப் புல் விதைத்தார்கள். கனரக இயந்திரங்கள் ஓடியும் மாடுகள் மிதித்தும் மண் இறுகியது. காட்டு மண்ணில் வாழ்ந்த பல இனச் சிறு உயிர்கள் காணாமல் போயின. பொன்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ் என்ற ஒரே புழு இனம் மட்டும் தாக்குப்பிடித்துப் பெருகியது. மண்ணில் வாழும் சிறு பிராணிகளின் மொத்த எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் அந்த ஒரு புழுவாகவே ஆனது. ஒரு மழைக்காலத்தில் ஹெக்டேருக்கு 100 டன்னுக்கும் மேல் அது மண்ணைத் தின்று எச்சமாகத் தள்ளியது.

அந்த எச்சம் குழைந்த களிமண்ணாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மண்ணின் துளைகளை அடைத்தது. மழை பெய்தால் நீர் இறங்காமல் மேலேயே சேறாக நின்றது, வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. வெயில் வந்ததும் அதே சேறு பாளம் பாளமாக வெடித்தது. புல் திட்டுத் திட்டாகச் செத்தது. கனரக இயந்திரம் ஏறி இறங்கினால் மண் எவ்வளவு இறுகுமோ அவ்வளவு இறுக்கத்தைப் புழுவே உண்டாக்கியிருந்தது. 1999இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்ட ஆய்வாளர்கள் குழுவில் பிரான்ஸ் நாட்டின் மண் உயிரியல் அறிஞர் பாட்ரிக் லவெல் ஒருவர்.

அங்கே செய்த ஒரு சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. 25 சென்டிமீட்டர் நீள அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட மண் கட்டிகளை முழுசாக வெட்டியெடுத்தார்கள். மேய்ச்சல் நில மண்ணைக் காட்டுக்குள்ளும், காட்டு மண்ணை மேய்ச்சல் நிலத்திலும் பதித்துவிட்டு ஓராண்டு காத்திருந்தார்கள். காட்டுக்குப் போன இறுகிய மண்ணில் பலவகைப் பூச்சி புழுக்கள் புகுந்து துளைத்து, அது மறுபடியும் பொலபொலப்பானது. மேய்ச்சல் நிலத்துக்கு வந்த காட்டு மண் இறுகிப் போனது. இரண்டும் ஒரே களிமண்தான். குடியிருந்த உயிர்கள்தான் வேறு.

மனாவுஸ் நிலத்தில் இல்லாமல் போனது என்ன என்பதற்கான விடை மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகருக்கு வடமேற்கே லாம்டோ என்ற புல்வெளி ஆய்வு நிலையம் 1962 முதல் இயங்குகிறது. இடுப்பளவு புல்லும், நம் பனையின் ஆப்பிரிக்க உறவான மரங்களும் நிற்கும் பூமி அது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி வாக்கில் புல்லுக்குத் தீ வைத்துவிடுவார்கள். சருகெல்லாம் எரிந்துவிடுவதால் சருகு தின்னும் புழுக்களுக்கு அங்கே பிழைப்பு குறைவு. மண்ணையே தின்று மண்ணுக்குள்ளேயே வாழும் புழுக்களின் ராஜ்யம் அது. லவெல் தன் முனைவர் பட்ட ஆய்வை அங்கேதான் செய்தார்.

லாம்டோவின் பெரிய புழு மில்சோனியா அனோமலா. ஏறக்குறைய ஒரு சாண் நீளம் வளரும். முதிர்ந்த புழு ஒரு நாளில் தன் எடையைப் போல ஐந்து மடங்கும், குஞ்சுப் புழு முப்பது மடங்கு வரையும் மண்ணைத் தின்கின்றன. எல்லாப் புழுக்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு ஆயிரம் டன் அளவுக்கு மண் அவற்றின் குடலுக்குள் போய் வருகிறது. இதில் மிகச் சிறிய பங்குதான் தரைக்கு மேல் கட்டியாக வருகிறது, மற்றதெல்லாம் உள்ளேயே தங்கிவிடுகிறது. நாம் தரையில் பார்க்கும் நாங்கூழ்க் கட்டிகளை, அதாவது மண்புழு எச்சக் கட்டிகளை, வைத்துப் புழுவின் உழைப்பை எடைபோட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

சத்தில்லாத அந்த மண்ணில் இவ்வளவு பெரிய உடலை மில்சோனியா எப்படி வளர்க்கிறது? தின்ற மண்ணோடு குடலின் முன்பகுதியில் நிறைய நீரையும் தன் உடலில் சுரக்கும் சளியையும் சேர்த்து, மாவு பிசைவதுபோலப் பிசைகிறது. இனிப்பான அந்தச் சளி, மண்ணில் பட்டினியாகச் சோம்பிக் கிடந்த நுண்ணுயிர்களுக்கு முதல் கவளம். அதைத் தின்று விழித்துக்கொண்ட நுண்ணுயிர்கள், தனியாகப் புழுவால் செரிக்க முடியாத பழைய மக்கை உடைக்கத் தொடங்குகின்றன. குடலின் பின்பகுதியில் இருவரும் அந்த விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இந்தக் கூட்டு வேலைக்கு வெப்பம் வேண்டும். குளிர் நாடுகளின் புழுக்கள் பெரும்பாலும் சருகை நம்பியிருக்க, வெப்ப நாட்டுப் புல்வெளிகளில் வெறும் மண்ணைத் தின்னும் புழுக்கள் செழிப்பதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

மில்சோனியாவின் எச்சம் உருண்டையாக, கனமாக, காய்ந்தால் கெட்டியாக இருக்கும். புதிதாக விழுந்ததில் செடிக்கு வேண்டிய அமோனியம் நிறைய உண்டு. காய்ந்து இறுகிய பிறகு உள்ளே மிஞ்சிய மக்கு வெளியே சிதையாமல் நெடுநாள் பத்திரமாக இருக்கும். மண்ணைக் கட்டும் புழு இது. இது மட்டுமே இருந்திருந்தால் லாம்டோவும் மனாவுஸ் ஆகியிருக்கும். அப்படி ஆகாததற்குக் காரணம், அதே மண்ணில் வாழும் யூட்ரிலிடே குடும்பத்தைச் சேர்ந்த மெல்லிய சிறு புழுக்கள். இவை பெரிய கட்டிகளைக் கொறித்து உடைத்து, சிறு சிறு குருணைகளாகக் கழிக்கின்றன. ஒன்று கட்டுகிறது, மற்றொன்று உதிர்க்கிறது. சல்லடையில் சலித்து உருக்குலைத்த மண்ணில் இவற்றைத் தனித்தனியாக விட்டு எரிக் பிளான்ஷார் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதை நிறுவினார்கள். பெரிய புழு மிகுந்த திட்டும் சிறிய புழு மிகுந்த திட்டும் பெரும்பாலும் வேறு வேறு இடங்களில் அமைகின்றன என்பதும் பின்னர் தெரியவந்தது.

தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுச் சமவெளிப் புல்வெளிகளில் கதை இன்னும் விரிகிறது. கொலம்பியாவின் கரிமாகுவா ஆய்வு நிலையத்தில், அமிலத் தன்மை மிகுந்த செம்மண்ணில், எட்டு இனப் புழுக்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் மார்ட்டியோட்ரைலஸ் என்ற தடித்த புழு இரவில் மேலே வந்து சருகைத் தின்று, வளை வாயிலில் கோபுரமாக எச்சத்தை அடுக்கும். கோடை நெருங்கும்போது ஆழத்துக்கு இறங்கி, குடலைக் காலி செய்து, வளையை அடைத்து, உருண்டையான ஓர் அறைக்குள் சுருண்டு படுத்துவிடும். முதிர்ந்த புழு மூன்று நான்கு மாதம் தூங்கும். இளம்புழுவோ மழை இன்னும் பெய்துகொண்டிருக்கும்போதே கீழே போய் ஏறத்தாழ ஒன்பது மாதம் தூங்குகிறது. அதே சமவெளியின் நீர் தேங்கும் பகுதிகளில் வேறொரு பெரும்புழு, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து எச்சத்தைக் குவிக்கிறது. அந்தக் குவியல்கள் வளர்ந்து வளர்ந்து சில இடங்களில் ஐந்து மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட மேடுகளாகி, வானிலிருந்து பார்த்தால் தெரியும் நிலத்தோற்றமாகவே மாறிவிட்டன. 2016இல்தான் இந்த மேடுகள் புழு கட்டியவை என்ற விளக்கம் வெளியானது.

நம் மலைப் புல்வெளிகளும் இந்தக் கதையில் உண்டு. சார்லஸ் டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி எழுதிய நூலில் நீலகிரியில் எடுத்த நாங்கூழ்க் கட்டி ஒன்றின் படம் இருக்கிறது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் ஜார்ஜ் கிங் 7,000 அடி உயரத்தில் பொறுக்கி அனுப்பியவற்றில் ஒன்று அது. ஒரு கட்டி கால் பவுண்டுக்கும் மேல் எடை இருந்ததைக் கண்டு டார்வின் வியந்திருக்கிறார். அதற்குப் பிறகு நீலகிரியின் புல்வெளிகள் பெருமளவு சீகை மரத்துக்கும் தைல மரத்துக்கும் தேயிலைக்கும் போய்விட்டன. புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்து மரம் நடும் வழக்கம் இன்றும் நிற்கவில்லை. மண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே அதைச் செய்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

பார்க்காததற்கு உலக அளவிலும் சான்று உண்டு. 57 நாடுகளின் 6,928 இடங்களிலிருந்து திரட்டிய தரவுகளை வைத்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, ஓரிடத்தில் காணும் புழு இனங்களின் எண்ணிக்கை வெப்ப நாடுகளைவிடக் குளிர் நாடுகளில் அதிகம் என்றது. ஆனால் வெப்ப நாடுகளில் மாதிரி எடுத்த இடங்களே குறைவு. தவிர, இங்கே ஓரிடத்துப் புழு அடுத்த மலையில் இருக்காது. இடத்துக்கு இடம் இனம் மாறுவதில்தான் நம் மண்ணின் செல்வம் இருக்கிறது.

மனாவுஸில் கெடுதல் செய்த பொன்டோஸ்கோலெக்ஸ் இன்று மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களிலும் ஏராளம். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் 1990களில் ஆய்வாளர் பிகாஷ் சேனாபதியும் லவெலும் சேர்ந்து, வரிசைகளுக்கு இடையே குழி வெட்டி, கவாத்து செய்த தழையையும் எருவையும் போட்டு, இந்தப் புழுவையும் விட்டார்கள். அங்கே விளைச்சல் கூடியது. தழையும் எருவும் நிறைந்த இடத்தில் உதவும் அதே புழு, துணைக்கு யாரும் இல்லாத வெற்று மேய்ச்சல் நிலத்தில் மண்ணை அடைத்துவிடுகிறது.

ஆகவே புழு என்றால் எங்கும் உதவும் என்று எண்ணி, உரக்கடையில் விற்கும் ஆப்பிரிக்கப் புழுவை வாங்கி வயலிலும் புல்தரையிலும் விடாதீர்கள். அது தொட்டியில் சாணமும் சருகும் தின்று உரம் தரும் புழு, மண்ணைத் தின்று வாழ்வதல்ல. உங்கள் மண்ணில் யார் இருக்கிறார்கள் என்று அறிய வேண்டுமானால், வடகிழக்குப் பருவமழை நன்றாக நனைத்த பிறகு, மேலே சொன்ன மண் கட்டியின் அளவிலேயே ஒரு குழி தோண்டி, மண்ணைச் சாக்கில் கொட்டிக் கையால் உதிர்த்துப் பாருங்கள். எத்தனை புழு என்பதைவிட எத்தனை வகை என்று எண்ணுங்கள். கெட்டியான பெரிய உருண்டைகளும் விரலில் பட்டதும் உதிரும் குருணைகளும் ஒரே குழியில் கலந்து கிடந்தால், கட்டுபவையும் உதிர்ப்பவையும் அங்கே சேர்ந்து வாழ்கின்றன என்று நம்பலாம்.