புல்லைக் களையும் பாலை நகரம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மொஹாவி பாலைவனத்தின் நடுவே விளங்கும் லாஸ் வேகாஸ் நகரத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை ஏறத்தாழ நான்கு அங்குலமேயாகும். அத்தகைய பிரதேசத்தில் வீட்டு முகப்பில் பசும்புல் விரித்து அதை வாடாது காப்பதற்கு, ஒரு சதுர அடிக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 275 லிட்டர் நீர் செலவாகிறது என்று, நூற்றுக்கணக்கான வீடுகளில் நீர்மானி பொருத்திப் பல ஆண்டுகள் அளந்து பார்த்த தென் நெவாடா நீர் ஆணையம் கண்டறிந்தது. அந்த நீரை அப்படியே அந்தச் சதுர அடியில் தேக்கி நிறுத்தினால் ஏறத்தாழப் பத்தடி உயரத்துக்கு நிற்கும். அதே நிலத்தில் புல்லை அகற்றிவிட்டுப் பாலைக்கு இசைந்த செடிகளை வைத்தபோது, சதுர அடிக்குச் சுமார் 65 லிட்டரே போதுமானதாக இருந்தது.

புல்தரை பாலை மண்ணில் பிறந்த வழக்கம் அன்று. ஓயாது தூறும் இங்கிலாந்தின் வானத்தின் கீழ், பிரபுக்களின் மாளிகைகளைச் சூழ்ந்து வளர்ந்த அலங்காரம் அது. 1830இல் கிளாஸ்டர்ஷயர் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மயிரைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டு, அதைப் போலவே புல் வெட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதன் பிறகு, அரிவாள் பிடிக்கும் ஆட்கள் பலரை வைத்துக்கொள்ள இயலாத சாதாரணக் குடும்பமும் தன் முற்றத்தைப் பச்சைக் கம்பளமாக வைத்துக்கொள்வது சாத்தியமாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அமெரிக்கப் புறநகர்கள் பெருகியபோது, அந்தக் கம்பளம் மழை மிகுந்த கிழக்குக் கரையிலிருந்து வறண்ட மேற்கு வரையில், நிலத்தின் இயல்பு சற்றும் விசாரிக்கப்படாமலே விரிக்கப்பட்டது.

பாலையில் அதற்கு நீர் வந்த வழி கொலராடோ நதி. லாஸ் வேகாஸ் பருகும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு அந்நதியில் ஹூவர் அணை தேக்கிய மீட் ஏரியிலிருந்தே வருகிறது. நதியை ஏழு மாநிலங்களுக்குப் பங்கிடும் உடன்படிக்கை 1922இல் செய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளோ அசாதாரணமாக மழை மிகுந்தவை. ஆகவே நதியில் உண்மையில் இல்லாத நீரையும் சேர்த்தே உடன்படிக்கை செய்தவர்கள் காகிதத்தில் பங்கு வைத்துவிட்டார்கள். பின்னர் நெவாடாவுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு மூன்று லட்சம் ஏக்கர்-அடி, அதாவது மூன்று லட்சம் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர். நதியின் கீழ்ப்பகுதியிலுள்ள மூன்று மாநிலங்களின் பங்குகளில் இதுவே மிகச் சிறியது. 2000க்குப் பின் தொடர்ந்த வறட்சியில் ஏரி தாழ்ந்துகொண்டே சென்று, 1930களில் முதன்முதலாக நிரம்பிய காலத்துக்குப் பின் காணாத அடிமட்டத்தை 2022இல் தொட்டது.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விஷயத்தின் மர்மமே இதில்தான் இருக்கிறது. லாஸ் வேகாஸ் வீடுகளுக்குள் குளிக்கவும் துவைக்கவும் கழுவவும் செலவாகும் நீர் பெரும்பாலும் நஷ்டமாவதில்லை. சாக்கடை வழியே சென்று சுத்திகரிக்கப்பட்டு, ஓர் ஓடை மார்க்கமாக அது மீண்டும் மீட் ஏரியையே அடைகிறது. திருப்பி விட்ட அளவுக்கு நகரம் மறுபடியும் ஏரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முற்றத்துப் புல்லுக்குத் தெளித்த நீர் மட்டும், இலைகளின் வழியே ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. அது திரும்புவதே இல்லை. எனவே குளியலறையில் சிக்கனம் பேசுவதைக் காட்டிலும் முற்றத்துப் புல்லைக் களைவதே அந்நகரத்துக்கு மெய்யான பரிகாரம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

புல்லின் இடத்தில் எவற்றை வைக்கிறார்கள்? நம் ஊரில் ரயில் பாதையோரங்களில் காணும் ஆனைக்கற்றாழையின் இனம் ஒன்று. பகலில் தன் இலைத்துளைகளை இறுக மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் மட்டும் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கிச் சேமித்து, மறுநாள் சூரிய ஒளியில் அதை உணவாக்கும் அதன் உபாயம் வியந்து போற்றத்தக்கது. சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரம், ஆழத்தில் இருக்கும் ஈரத்தைத் தேடித் தன் வேரை வெகுதூரம் இறக்குகிறது. பாலோ வெர்டே என்னும் மரமோ, வறட்சி முற்றினால் இலைகளை உதிர்த்துவிட்டுத் தன் பச்சைப் பட்டையைக் கொண்டே உணவு சமைத்துக்கொள்கிறது.

புல்லை அகற்றுவது எளிய காரியமன்று. அமெரிக்கர் பெர்முடா புல் என்று வழங்குவது வேறெதுவுமில்லை, நம் அருகம்புல்லே. மண்ணுக்குள் ஓடும் அதன் தண்டில் ஒரு கணு எஞ்சினாலும் அது மீண்டும் தழைக்கும். குளிர்காலத்தில் பழுத்துக் கிடக்கையில் களைக்கொல்லியைத் தெளித்துப் பயனில்லை. பச்சையாய் வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில் தெளித்தால்தான் மருந்து இலை வழியே வேர் வரையில் இறங்கும். பிறகு தெளிப்பான்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு செடியின் அடியிலும் சொட்டுநீர்க் குழாயை அமைத்து, ஈரம் ஆவியாகாதபடி மண்ணின்மேல் சரளைக்கல் பரப்புகிறார்கள்.

சிலர் சரளையை மட்டும் கொட்டிவிட்டுப் பணி முடிந்ததென்று எண்ணுவதுண்டு. அது பெருந்தவறு, வெறுங்கல் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு இரவில் உமிழும். புல்லை அகற்றுவோருக்குச் சதுர அடிக்கு இவ்வளவென்று பணம் வழங்கிவரும் நீர் ஆணையம், செடிகள் முழு வளர்ச்சி பெறும்போது அந்நிலத்தில் பாதியையேனும் மூட வேண்டும் என்று விதித்திருப்பது மிகவும் நியாயமானது. இந்த ஏற்பாட்டினால் இருபது கோடி சதுர அடிக்கு மேற்பட்ட புல் அங்கே அகன்றிருக்கிறது. குடிகள் லட்சக்கணக்கில் பெருகியும், நதியிலிருந்து நகரம் செலவழிக்கும் நீர் 2002இல் இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. சாலை நடுத்திட்டுகளிலும் அலுவலக வாயில்களிலும் வெறும் அழகுக்காக நிற்கும் புல்லுக்கு 2027 முதல் நதிநீர் பாய்ச்சலாகாது என்று 2021இல் இயற்றிய மாநிலச் சட்டம் தனி வீடுகளைத் தொடவில்லை. அங்கே வீட்டுக்காரரின் மனமே தீர்மானிக்க வேண்டும்.

அப்படித் தீர்மானிக்கும் வீட்டுக்காரர் மறவாது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. புல்லின் நடுவே நெடுங்காலம் நின்ற மரம், புல்லுக்குத் தெளித்த நீரைக் கொண்டே வளர்ந்து, மேல்மண்ணில் வேர் பரப்பியிருக்கும். தெளிப்பான் நின்ற மறு கோடையிலேயே அது பட்டுப்போகலாம். ஆகையால் புல்லுக்கு நீரை நிறுத்துமுன்பே அந்த மரத்துக்கெனத் தனிச் சொட்டுக்குழாய் அமைக்க வேண்டும். அதையும் அடிமரத்தை ஒட்டி வைக்காமல் கிளைகளின் நிழல் விழும் விளிம்பு வரையில் சுற்றி இட்டு, மரம் வளர வளர வெளிப்புறமாக நகர்த்திக்கொண்டே செல்ல வேண்டும்.