படம் அழிந்தது, குரல் நின்றது

பாட்காஸ்ட் என்றும் வலையொலி என்றும் வழங்கப்பெறும் ஒலி நிகழ்ச்சிகள் இன்று நம் கைபேசிகளில் நிறைந்து கிடக்கின்றன. பங்குச்சந்தை, உடல்நலம், ஆன்மிகம் எனப் பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றி மட்டும் ஆண்டுக்கணக்கில் பேசி வருகின்ற ரசிகர்களும் உளர் என்பது நம் வாசகர் பலருக்கு வியப்பளிக்கலாம். கனடாவில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய ‘ரேடியோ ஃப்ரீ ஸ்காரோ’ அத்தகையது. அது பேசும் தொடர் பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’. தொடரில் வரும் ஒரு கோளின் பெயரே ஸ்காரோ.

தொடரை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். நீல நிறக் காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு ஒன்றில் ஏறிக் காலத்தின் எத்திசைக்கும் செல்லும் ஓர் அந்நியக் கோளினர்தாம் கதைத்தலைவர். கூண்டு வெளியே சிறியது, உள்ளே மிகப் பெரியது. 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி.யில் முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்ட மறுநாள் அது. செய்தியின் அதிர்ச்சியில் மக்கள் உறைந்திருந்தமையால், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன் முதற்பகுதியை மீண்டும் காட்டினர். அம்முதற்கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண். அந்நாளில் பி.பி.சி. நாடகப் பிரிவில் அவர் ஒருவரே பெண் தயாரிப்பாளர்.

மூன்றாண்டுகளில் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னலின் உடல்நலம் குன்றியது. தொடரை நிறுத்த மனமில்லாதவர்கள் ஒரு வழி கண்டனர். நாயகர் சாகும் தறுவாயில் உருமாறி வேறொருவராக எழுவார் என்று கதை அமைத்தனர். 1966 அக்டோபர் 29 அன்று பேட்ரிக் ட்ரவுட்டன் அவ்விடத்திற்கு வந்தார். தொடர் அறுபது ஆண்டுகளைக் கடந்ததற்கு அந்த ஒரு முடிவே அடித்தளம் என்பது நம் கருத்து. ஆனால் அந்த முதல் உருமாற்றம் நிகழ்ந்த பகுதியை இன்று எவரும் முழுமையாகக் காண இயலாது. உருமாறும் அச்சில நொடிகள் மட்டும், 1973இல் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டப்பட்டமையால் தப்பின. எஞ்சிய படத்தைப் பி.பி.சி.யே அழித்துவிட்டது.

1960களில் ஒளிபரப்பான பகுதிகள் 253. காணொளி நாடா அக்காலத்தில் விலை மிகுந்த பொருள். ஆகவே பழைய பதிவை அழித்து அதே நாடாவில் புதிய நிகழ்ச்சியைப் பதிந்தனர். நடிகர் சங்கத்துடனான ஒப்பந்தம் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியது. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைப் படத்தை வாங்குவோர் அருகினர். வீட்டில் நாடாவாக விற்கலாம் என்பதை எவரும் கனவிலும் எண்ணவில்லை. வெளிநாடுகளுக்கு விற்பதற்கென எடுத்த பிலிம் நகல்களும் அழிந்தன. ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினரிடம் நகல் இருக்கும் என்று கருதினர். 1978 வரை இது தொடர்ந்தது.

வங்கித் தொழிலில் இருக்கும் நமக்கு அந்த அலுவலர்களை வைதுவிட மனம் வரவில்லை. நம் பதிவேடுகளை எத்தனை ஆண்டுகள் காக்க வேண்டும் என்பதற்கு 1985ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. சிலவற்றுக்கு 5 ஆண்டுகள், வேறு சிலவற்றுக்கு 8 ஆண்டுகள். காலம் கடந்த பேரேடுகளை முறைப்படி அழிக்கின்றோம். இடமும் செலவும் மிச்சமாகின்றன. ஏட்டு மதிப்புப் பூச்சியமான பொருளைக் கழித்துவிடுவது எக்கணக்கரும் செய்வதே. அப்பொருளுக்கு வேறு எவரேனும் வேறொரு மதிப்பை வைத்திருக்கக்கூடும் என்பதை எழுதுவதற்குத்தான் பேரேட்டில் பத்தி இல்லை.

அம்மதிப்பை வைத்திருந்தவர்கள் பள்ளிச் சிறுவர்களும் இளைஞர்களும். படத்தை வீட்டில் பதியும் கருவி அன்று பரவலாக இல்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. சனிக்கிழமை மாலை தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கை வைத்துப் பதிந்தனர். அறையில் எவர் இருமினாலும் அதுவும் நாடாவில் ஏறிவிடும். சற்றே நுட்பம் அறிந்தவர்கள் பெட்டியின் உள்ளிருந்தே கம்பி இழுத்துத் தெளிவாகப் பதிந்தனர். மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும் என்பதற்கு மேல் அவர்களுக்கு வேறு நோக்கம் இருந்ததாகத் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே செய்த வேலை இது. எனினும் பிற்காலத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, அழிந்த பகுதிகளுள் ஒன்றின் ஒலிகூட விடுபடவில்லை.

படச்சுருள்களும் அவ்வப்போது கிடைத்தன. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து 9 பகுதிகள் மீண்டதாக அறிவிப்பு வந்தது. அன்றைய கணக்கின்படி அதன்பின்னும் காணாமற்போனவை 97.

1990களில் பி.பி.சி. அந்த ரசிகர் ஒலிப்பதிவுகளையே பெற்று, இடையிடையே விளக்கவுரை சேர்த்து, ஒலிநாடாவாக விற்பனைக்குக் கொணர்ந்தது. கழித்துவிட்ட சொத்து, பிறர் வீட்டுப் பரணிலிருந்து வருமானமாகத் திரும்பியது! ட்ரவுட்டனின் முதற்கதையான ‘த பவர் ஆஃப் த டாலெக்ஸ்’ ஆறு பகுதிகளும் அழிந்தவை. 2016இல், சரியாக ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அந்த ஒலிக்கு ஏற்ப அசைவூட்டப் படம் வரைந்து வெளியிட்டனர். நடிகர்களின் குரல் 1966க்கு உரியது, முகம் 2016க்கு உரியது.

1989இல் தொடர் நின்றது. பெரும்பான்மையான தொடர்களுக்கு அத்துடன் கதை முடிந்திருக்கும். இங்கோ ரசிகர்கள் ஒலியையே பற்றிக்கொண்டனர். முன்னரே, 1980களில், தாமே எழுதி நடித்து ஒலிநாடகங்களை நாடாவில் பதிந்து பகிர்ந்துகொண்ட குழு ஒன்று இருந்தது. அவர்களுட் சிலர் பின்னர் ‘பிக் ஃபினிஷ்’ நிறுவனத்தின் பணியில் இணைந்தனர். அந்நிறுவனம் 1999 முதல் உரிமம் பெற்று, தொடரின் உண்மையான நடிகர்களைக் கொண்டே ஒலிநாடகங்களை வெளியிட்டு வருகிறது. 2005 மார்ச்சில் தொலைக்காட்சித் தொடர் உயிர்பெற்றபோது அதைப் பொறுப்பேற்று எழுதிய ரஸல் டி. டேவிஸும் சிறுவயது முதலே அதன் ரசிகர்.

அதே 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐட்யூன்ஸ் மென்பொருள் பாட்காஸ்டுகளுக்கு இடமளித்தது. தொடரும் அதைப் பற்றிப் பேசும் கருவியும் ஒரே ஆண்டில் கைக்கு வந்தன. இதில் நாம் ஆழ்ந்த பொருள் எதையும் தேடவில்லை. ஆனால் ரசிகர்கள் அவ்வாய்ப்பை நழுவவிடவில்லை. ‘வெரிட்டி!’ என்னும் பாட்காஸ்ட் முதல் தயாரிப்பாளரின் பெயரையே தாங்கியது. பல நாடுகளில் வாழும் ஆறு பெண்கள் தொடங்கிய அந்நிகழ்ச்சி, 2014இல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்கென ஒரு தனிப் பிரிவே அவ்விருதில் உண்டு.

ரசிகர்களின் பாட்காஸ்டுகளில் நம்மைக் கவர்வது விளக்கவுரை வகை. பேசுவோர் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என எண்ணுவர். நாமும் அந்நொடியில் நம் வீட்டில் படத்தை ஓடவிட வேண்டும். பதிப்புரிமை உள்ள தொடரின் ஒலியை ஒலிபரப்பாமலே, உடனமர்ந்து பார்க்கும் உணர்வை இதனால் தந்துவிடுகின்றனர். அழிந்த பகுதிகளுக்கு வரும்போது படத்திற்குப் பதில் அப்பழைய ஒலிப்பதிவு ஓடும். ‘இவ்விடத்தில் இவர் முகம் எப்படி இருந்திருக்கும்?’ என்று வழக்காடுவர். பார்க்கும் பகுதிகளைக் காட்டிலும் பார்க்க இயலாதவற்றைப் பற்றிய பேச்சே சுவை மிகுந்தது என்போம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் வங்கி இதழ் எவ்வாறு நிறைவுறும்? இவை கேட்போர்க்கு இலவசம். மைக், சேமிப்பகக் கட்டணம், ஒலித்தொகுப்புக்குச் செலவாகும் இரவுகள் ஆகியவை நடத்துவோர் பொறுப்பு. கேட்போர் சிலர் மாதந்தோறும் சிறு தொகை அனுப்பித் தாங்குவர். இந்தியாவிலிருந்து அவ்வாறு அனுப்ப விரும்புவோர் ஒன்றைக் கருத்திற்கொள்க: ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, புதிய கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை வாடிக்கையாளரே முனைந்து இயக்க வேண்டும். மாதாந்தரத் தானியங்கிப் பற்றுக்கு முன்னதாக, குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன், வங்கியிடமிருந்து அறிவிப்பு வரும். அதைப் படிக்காமல் நீக்கிவிட வேண்டாம்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று வினவுவோர்க்கு நாம் சுட்டுவது ‘மார்கோ போலோ’. 1964இல் வெளியான ஏழு பகுதிக் கதை. ஒன்று நீங்கலாக மற்றவற்றை இயக்கியவர் வாரிஸ் ஹுசைனே. சீனப் பெருவழியில் செல்லும் அப்பயணத்தில் வேற்றுக்கோள் அரக்கர் எவரும் இல்லை. படத்தில் ஒரு பகுதியும் கிட்டவில்லை. அரங்கத்தில் எடுத்த சில நிழற்படங்கள் உள்ளன. ஒலி ஏழு பகுதிகளுக்கும் முழுமையாக உள்ளது. முதலில் அதைக் கேளுங்கள், பாட்காஸ்டுகளின் வழக்காட்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.