கண்டி மலைச்சரிவில் மண் போகும் கணக்கு

கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் 1976இல் கட்டப்பட்ட தடுப்பணை, மகாவலி கங்கையின் நீரை ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்புகிறது. 1988அளவில் அதன் சிறிய தேக்கத்தில் 44 சதவீதம் வரை வண்டலால் தூர்ந்துபோயிருந்தது. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என மேலே விரியும் நீரேந்துப் பிரதேசத்துத் தேயிலைச் சரிவுகளிலும் மரக்கறிப் பாத்திகளிலும் வீடு கட்ட வெட்டிய மேடுகளிலும் இருந்து வந்த மண் அது. எந்தச் சரிவிலிருந்து எவ்வளவு வந்தது என்று ஒவ்வொன்றாக அளக்க முடியாது. அந்த இடத்தில்தான் சூழல் மாதிரி, அதாவது நிலத்தின் நடப்பைக் கணிதமாக எழுதிப் பார்க்கும் முறை, கைகொடுக்கிறது.

இவற்றுள் மிகப் பழகியது அமெரிக்காவின் விஷ்மேயரும் ஸ்மித்தும் 1965இல் வெளியிட்ட பொது மண்ணிழப்புச் சமன்பாடு. மழையின் அரிக்கும் வலு, மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலத்தை மூடியுள்ள பயிர் (மூடாக்கு), பாதுகாப்பு வேலை ஆகியவற்றுக்கு எண் கொடுத்துப் பெருக்கினால், ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு எத்தனை தொன் மண் போகும் என்ற மதிப்பீடு கிடைக்கும். எல்லாம் பெருக்கல் என்பதால், மூடாக்கின் எண்ணைப் பாதியாக்கினால் இழப்பும் பாதியாகும். மழையையும் மலையையும் மாற்ற இயலாது. விவசாயியின் கைக்கு எட்டுவன கடைசி இரண்டு எண்கள் மட்டுமே.

ஆனால் இந்தச் சமன்பாடு பிறந்தது 22.13 மீற்றர் நீளமும் 9 சதவீதச் சரிவும் கொண்ட அளவீட்டுத் துண்டை அடிப்படையாக வைத்து. அதற்கான சரிவுத் தரவுகள் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழ்ப்பட்டவை. கண்டிப் பக்கத்தில் 30, 40 சதவீதச் சரிவுகளிலும் தேயிலை நிற்கிறது. பழைய சூத்திரத்தை அங்கே அப்படியே பொருத்தினால் விடை நம்ப முடியாத அளவுக்கு ஏறிவிடும். 1997இல் வந்த திருத்திய சமன்பாடு செங்குத்துச் சரிவுகளுக்கு வேறு கணக்கைத் தந்தது இதனால்தான். மழையிலும் கவனம் வேண்டும். கண்டியில் ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடியோடு கொட்டும் ஒரு மணி நேர மழை, நாள் முழுதும் தூறும் மழையைவிட மண்ணை அதிகம் பெயர்க்கும். ஆண்டு மொத்த மழையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

மூடாக்கின் எண்ணில்தான் கண்டியின் கதை முழுதும் இருக்கிறது. வெறுமை விழுந்த பழைய விதைத் தேயிலை மலைகளில், கவ்வாத்து வெட்டிய மாதங்களில் செடிகளுக்கு இடையே மண் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கும். கவ்வாத்துக் குச்சிகளை அங்கேயே பரப்புவதும், கைவிட்ட மலையில் மறுநடுகைக்கு முன் மானாப் புல் வளர்ப்பதும், இந்த எண்ணைக் குறைக்கும் வேலைகளே. சமவுயரக் கான்களைத் தூர்வாரி வைப்பது மற்ற எண்ணைக் குறைக்கும். தொழிலாளிக்கு அது கான் வெட்டு. மாதிரிக்கு அது பாதுகாப்புக் காரணி.

மறு எல்லையில் நிற்பது கண்டி வீட்டுத்தோட்டம். பலா, கமுகு, சாதிக்காய், கராம்பு, கோப்பி, மிளகு, வாழை என்று அடுக்கடுக்காக நிற்கும் இந்தக் கலப்புக்குக் கிட்டத்தட்டக் காட்டுக்குரிய எண்ணையே கொடுக்கலாம். மண்ணைக் காப்பது மரத்தின் உயரமல்ல, அடியில் கிடக்கும் சருகு. உயரத்திலிருந்து சொட்டும் நீர் வெறும் தரையில் விழுந்தால் அரிப்பு கூடவும் கூடும். ஹந்தானையின் பைன் காட்டில் வரட்சிக்காலத் தீ சருகை எரித்துவிட்டால், செய்மதிப் படத்தில் பச்சையாகத் தெரியும் இடமும் மண்ணுக்குப் பாதுகாப்பாகாது. அந்தப் படத்தை மட்டும் நம்பும் கணிப்பு வழுக்கும் இடம் இதுவே.

இப்போது இந்தக் கணக்கைப் புவியியல் தகவல் முறைமையில் சிறு சதுரங்களாகப் பிரித்துச் செய்கிறார்கள். எந்தச் சதுரம் சிவப்பு, அதாவது இழப்பு கூடியது, என்பது வரைபடத்தில் தெரிந்துவிடும். ஆனால் பெயர்ந்த மண்ணெல்லாம் ஆற்றைச் சேர்வதில்லை. வயலிலும் பள்ளத்திலும் ஒரு பங்கு தங்கும். நீரோட்டத்தையும் வண்டலையும் சேர்த்துப் பின்தொடர 'ஸ்வாட்' போன்ற வடிநில மாதிரிகள் மேல் மகாவலியில் பயன்பட்டுள்ளன. மண்சரிவு இந்தக் கணக்கில் அடங்காது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் கண்ட சரிவுகள், நிலத்தடி நீர் ஊறி மலையே நழுவும் வேறு வகை. அதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வரைபடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் 1996இல் திருத்தப்பட்டு இன்னும் நடைமுறையில் உள்ளது. அதைக் களத்தில் செயற்படுத்தும்போது, எந்தச் சரிவுக்கு முதலில் கல்லணை, எதற்குப் புல் வரிசை என்று தீர்மானிக்க மாதிரியின் வரிசைப்படுத்தல் போதும். தொன் எண்ணிக்கையை அப்படியே நம்பத் தேவையில்லை. அந்த எண்ணிக்கையும் சரியாக வேண்டுமானால், கண்டிச் சரிவுகளிலேயே துண்டு அமைத்து, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அடியில் சேர்ந்த மண்ணை உலர்த்தி நிறுத்துப் பார்க்க வேண்டும்.