மூட்டையில் வேகுது இலை! அடுப்பில் எரியுது லாபம்!!
தேயிலைத் தொழிற்சாலைகளில் பணம் ஒழுகுவது எங்கே?

எமரால்டு—

ஊட்டி அருகே உள்ள எமரால்டு அணைக்குப் பேர் போன ஊர். சுற்றிலும் பச்சைப் பசேல் என்று தேயிலை. எல்லாம் சிறு விவசாயிகளின் தோட்டம். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களே அதிகம்.

பறித்த இலை சாக்கில் ஏறுகிறது. ரோட்டோரம் எடை போடுகிறார்கள். பிறகு லாரியில் தொழிற்சாலைக்குப் போகிறது.

நஷ்டம் தொடங்குவது அந்தச் சாக்கில்தான்!

ஒரே சாக்கில் காலால் மிதித்து அமுக்கி இலையைத் திணிப்பார்கள். உள்ளே காற்று போகாது. இலை சூடாகிச் சிவந்துவிடும். "இலை வெந்துபோச்சு" என்பார்கள். வெந்த இலையில் நல்ல தூள் வராது.

மழைக் காலத்தில் இன்னொரு தொல்லை. எமரால்டை அடுத்த அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மலை இது. ஈர இலையை எடை போட்டால் தண்ணீருக்கும் சேர்த்து காசு கொடுக்க வேண்டும். தண்ணீருக்கென்று எடையில் கழித்தால் விவசாயி கோபப்படுகிறார். கழிக்காவிட்டால் தொழிற்சாலைக்கு நஷ்டம். எடை மேடையில் சண்டை வருவது இதனால்தான்.

ஒரு கணக்கு

100 கிலோ பச்சை இலையில் சுமார் 22 முதல் 25 கிலோ தூள் கிடைக்கும்.

தினம் 10,000 கிலோ இலை அரைக்கும் தொழிற்சாலை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 23 கிலோ வர வேண்டிய இடத்தில் 22 கிலோ வந்தால், அன்றைக்கு 100 கிலோ தூள் அவுட்! கிலோ 100 ரூபாய் என்றாலும் நாளைக்கு ரூ.10,000. மாதத்தில் 25 நாள் ஓடினால் ரூ.2½ லட்சம்.

திருடன் வந்து எடுத்துப் போனால் போலீசில் புகார் கொடுக்கலாம். இதற்கு யார் மீது புகார் கொடுப்பது?

ஈர விறகு

அடுத்தது அடுப்பு. ஒரு கிலோ தூள் தயாரிக்க ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ விறகு எரிகிறது. பெரும்பாலும் கற்பூர மரம்.

வெட்டியவுடன் விறகில் பாதி தண்ணீர்தான். அதை அப்படியே அடுப்பில் போட்டால் முதலில் தண்ணீர் ஆவியாக வேண்டும். அதற்கே சூட்டில் ஒரு பகுதி போய்விடும். புகை மட்டும் ஜோராக வரும்!

விறகைப் பிளந்து, கூரை போட்ட கொட்டகையில் அடுக்கிக் காயவிட்டாலே செலவு குறையும். பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். ஆனால் மூன்று மாத விறகை முன்கூட்டியே வாங்கிப் போட கையில் பணம் வேண்டுமே! பல தொழிற்சாலைகள் சிக்குவது இங்கேதான்.

2008 முதல் 2012 வரை தேயிலை வாரியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து, தென்னிந்தியத் தேயிலைத் தொழிற்சாலைகளில் எரிபொருள் சிக்கனத்துக்காக ஒரு திட்டம் நடத்தின. விறகு பிளக்கும் மிஷின், மின்சாரம் குறைவாக இழுக்கும் காற்றாடி போன்றவை அதில் சிபாரிசு செய்யப்பட்டன.

மழுங்கிய பல்

இலையை நசுக்கும் சி.டி.சி. ரோலரில் பல் இருக்கிறது. மழுங்கினால் சாணை பிடிக்க வேண்டும். ஒரு நாள் மிஷின் நிற்குமே என்று தள்ளிப் போட்டால், தூள் பொடியாக விழாது. நாரும் சக்கையும் கூடும். குன்னூர் ஏலத்தில் விலை விழும்.

காய்ச்சலிலும் கவனம் வேண்டும். தூளில் 3 சதவிகிதம் ஈரம் இருந்தால் போதும். அதற்கு மேல் காய்ந்தால் எடையும் போச்சு, விறகும் போச்சு.

யார் வீட்டுப் பணம்?

தனியார் தொழிற்சாலை என்றால் முதலாளியின் நஷ்டம். குந்தா பகுதியில் கதை வேறு. நீலகிரியின் முதல் தொழிற்கூட்டுறவு தேயிலைத் தொழிற்சாலை 1962-ல் குந்தாவில்தான் தொடங்கியது. எமரால்டை அடுத்த இத்தலாரிலும் ஒன்று உண்டு. 1965-ல் ஏற்பட்ட 'இன்ட்கோசர்வ்' இணையத்தின் கீழ் இப்படி 16 தொழிற்சாலைகள். உறுப்பினர்கள் அனைவரும் இலை போடும் விவசாயிகளே.

அதாவது, சாக்கில் இலையை அமுக்குகிறவரும் அந்தத் தொழிற்சாலையின் பங்குதாரர்தான்!

கழிவே இல்லையா? பிடி!

எவ்வளவு சிக்கனம் செய்தாலும் ஒன்று மட்டும் முடியாது. "எங்கள் தொழிற்சாலையில் கழிவே கிடையாது" என்று சொல்லக் கூடாது. சொன்னால் மாட்டிக்கொள்வார்கள்!

தயாரிக்கும் தூளுக்கு ஏற்ப குறைந்தபட்சக் கழிவைக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது தேயிலை வாரிய விதி. காரணம் என்ன? நாரும் சக்கையும் எங்கேயும் வந்தே தீரும். கணக்கில் இல்லை என்றால் நல்ல தூளோடு கலந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். சாயம் ஏற்றி டீக்கடைக்குப் போகும் கலப்படத் தூளுக்கும் இந்தக் கழிவுதான் மூலப்பொருள்.

கழிவை வாங்கவும் விற்கவும் 1959-ம் ஆண்டு கட்டுப்பாட்டு உத்தரவுப்படி லைசென்சு வேண்டும். காபின் எடுக்கும் கம்பெனிகள் வாங்குகின்றன. மீதி உரமாகிறது. அதற்கு முன்பு யாரும் குடிக்க முடியாதபடி சாணம், சுண்ணாம்பு கலந்து கெடுத்துவிட வேண்டும்.